ரிம் அகலப்படுத்துகிறவர்களுக்கும் அகலப்படுத்திக் கொடுக்கிறவர்களுக்கும்



ஏறாவூர் தொடங்கிக் களுவாஞ்சிக்குடி வரை மட்டக்களப்பு வாவியை ஒட்டிய ஊர்களில் பழைய காரை ஆசை ஆசையாக வைத்திருக்கிறவர்களுக்கும், அவர்கள் கொண்டுவரும் இரும்பு ரிம்மை அறுத்து, நடுவில் வளையம் வைத்து ஒட்டி, 'டீப் டிஷ்' ஆக்கிக் கொடுக்கிற வெல்டிங், லேத் பட்டறைக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பையும் ஒரே மடலில் கூப்பிடக் காரணம் இருக்கிறது. வேலை கொடுக்கிறவர் இரண்டு விஷயம் கேட்கிறார்: சில்லு குழிந்து ஆழமாகத் தெரிய வேண்டும், கார் ரோட்டைப் பிடித்து ஓட வேண்டும். செய்கிறவர் ஒரே வேலையில் இரண்டையும் தருவதாகச் சொல்கிறார், அல்லது மற்றவர் அப்படி நினைத்துக்கொண்டு போவதைத் தடுக்காமல் விடுகிறார். முதலாவது கிடைக்கிறது, கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது பெரும்பாலும் கிடைப்பதில்லை. சில இடங்களில் கேட்டதற்கு நேர் எதிரானது கிடைக்கிறது. ஆழம் ஓர் அழகு வேலை. அதை அழகு வேலையாகவே கணக்கில் எடுத்து, மில்லிமீற்றரில் அளந்து, சிறிதாகச் செய்யவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அழகு வேலை என்று சொல்வதில் இளப்பம் ஏதுமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய சன்னி, லான்சர், கொரோலாவின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். புதிது வாங்க வழியில்லாதவன் இருக்கிறதைப் புதிதாக்கிப் பார்ப்பது இயல்பு. அலோய் சில்லு வாங்கக் காசில்லாத இடத்தில் கார் கூடவே வந்த இரும்பு ரிம்மை வடிவாக்குவது இங்கே மட்டும் நடக்கிற காரியமுமில்லை. 1950களில் கலிபோர்னியாப் பெடியன்கள் ரிம்மின் நடுத்தட்டைக் கழற்றி, ரிம்மைத் திருப்பிப் போட்டு ஒட்டி, குரோம் பூசி ஓட்டினார்கள். ஜப்பானில் இன்றைக்கும் அலோயை வேண்டாமென்று இரும்புச் சில்லையே தேடிப் போடுகிற கூட்டம் உண்டு. நம் ஊர்களில் பலருக்குத் தெரிந்த மினி காரிலேயே, கூப்பர் எஸ் வகைக்கு நாலரை அங்குல 'ரிவர்ஸ் ரிம்' உற்பத்தியாளரிடமிருந்தே வந்ததுண்டு. ஆகவே ஆசையோடு எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அளவோடும் ஒட்டுகிற முறையோடும்தான்.

ஆழம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இரும்புச் சில்லு இரண்டு துண்டு. டயர் உட்காரும் உருளை ஒன்று, ஹப்பில் நட் போட்டு இறுக்கும் நடுத்தட்டு மற்றொன்று. நடுத்தட்டு ஹப்பைத் தொடும் முகம் உருளையின் அகலத்துக்குச் சரி நடுவில் இருந்தால் ஒஃப்செட் பூச்சியம். அந்த முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் ஒஃப்செட் கூட்டல். முன்சில்லு இழுக்கும் கார்களில் பிரேக், சி.வி. ஜொயின்ட், போல் ஜொயின்ட் எல்லாம் சில்லின் வயிற்றுக்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால் நடுத்தட்டு வெளியே வந்து நிற்கிறது. அதனால்தான் சன்னியின் சில்லு தட்டையாகவும், பின்சில்லு இழுக்கும் பழைய கே.ஈ. 70 கொரோலாவின் சில்லு கொஞ்சம் குழிவாகவும் தெரிகிறது. 40 மில்லிமீற்றர் ஒஃப்செட் உள்ள 5 அங்குல ரிம்மில் வெளிப்பக்கமாக 2 அங்குல வளையம் வைத்து ஒட்டினால் அகலம் 7 அங்குலமாகும், நடுக்கோடு ஓர் அங்குலம் வெளியே நகரும், ஒஃப்செட் 15 ஆக இறங்கும். அதே ரிம்மைத் திருப்பிப் போட்டு ஒட்டினால் கூட்டல் 40 என்பது கழித்தல் 40 ஆகிவிடும். டயர் தரையைத் தொடுகிற இடம் 80 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலத்துக்கும் மேல் வெளியே போய் நிற்கும். கண்ணுக்கு ஆழமாகத் தெரிவது முழுக்க இந்த நகர்வுதான். அகலம் கூடுவது அதற்கான ஒரு வழி, அவ்வளவே. கேட்கிறவர் அங்குலத்தில் அகலம் கேட்கிறார், செய்கிறவர் அகலத்தையே அளந்து கொடுக்கிறார், காருக்குப் பாதிப்பைத் தருகிற ஒஃப்செட்டை இருவரில் ஒருவரும் வாயில் எடுப்பதில்லை.

இனி ரோட்டைப் பிடிக்கும் என்ற பேச்சு. அதில் உண்மை உண்டு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. 900 கிலோ கார் ஒன்று, எடையின் மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரம், இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையே 1.35 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வளைவொன்றில் பாதி ஜி, அதாவது காரின் எடையில் பாதி அளவுக்குப் பக்கவிசை வந்தால் உள்சில்லுகளிலிருந்து வெளிச்சில்லுகளுக்கு மாறுகிற சுமை ஏறத்தாழ 167 கிலோ. பக்கத்துக்கு ஓர் அங்குலம் வெளித்தள்ளி இடைவெளியை 1.40 ஆக்கினால் அது 161 கிலோ. ஆறு கிலோ மிச்சம். டயர் அதே டயர், ரப்பர் அதே ரப்பர், தரையைத் தொடும் பரப்பில் பெரிய மாற்றமில்லை. பாதி ஜி வருகிற வேகத்தில் சாதாரணக் குடும்பக் காரை யாரும் விரும்பி ஓட்டுவதும் இல்லை. கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை ஏறக்குறைய நேராகவே போகிற நிலத்தில் இந்த ஆறு கிலோவைத் தேடிப்பிடிக்கவே பாடுபட வேண்டும்.

ஆனாலும் ஓட்டிப் பார்த்தவர்கள் 'ஸ்டியரிங் கூர்மையாக வந்திருக்கு' என்று சொல்வது பொய் இல்லை. அதே டயரை அகலமான ரிம்மில் ஏற்றும்போது டயரின் பக்கச்சுவர்கள் இருபுறமும் இழுபட்டு நிற்கின்றன. நெளிவு குறைகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு திரும்புகிறது. கை உணர்வது இந்தச் சுறுசுறுப்பைத்தான், பிடிமானத்தை அல்ல. இந்தச் சுறுசுறுப்புக்கும் எல்லை உண்டு. 175/70 ஆர் 13 டயருக்கு டயர் தரநிலை அனுமதிக்கிற ரிம் அகலம் நாலரை அங்குலத்திலிருந்து ஆறு வரை. ஏழு அங்குல ரிம் அந்தக் கணக்குக்கு வெளியே. அங்கே டயரின் விளிம்பு ரிம்மில் சாய்ந்து உட்காரும். காற்றுக் குறைந்தால் இருக்கையிலிருந்து நழுவுவது எளிது. வழக்கமாக டயரின் வயிறு ரிம்மின் உதட்டைக் கொஞ்சம் மறைத்து நிற்கும். இழுபட்ட டயரில் உதடுதான் எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும். குழியோ, கொங்கிறீற் வீதி உடைந்த முனையோ நேரே இரும்பில் அடிக்கும். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்தபின், கடல் பக்கத்து எழுவான்கரைக் கார்களுக்கு வாவியின் மறுகரையான படுவான்கரை எட்டுகிற தூரமாகிவிட்டது. பெரிய வீதியை விட்டு ஊருக்குள் இறங்கினால் கிரவல்தான். உதட்டை நீட்டிக்கொண்டு போகிற இடம் அதில்லை.

இதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். முன்சில்லு ஸ்டியரிங்கோடு திரும்பும்போது ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது. மேலே ஷொக் அப்சோபரின் தலையையும் கீழே போல் ஜொயின்ட்டையும் இணைத்து ஒரு கோடு இழுத்துத் தரைவரை நீட்டினால் அதுதான் அந்த அச்சு. அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் ஸ்க்ரப் ரேடியஸ் என்கிறார்கள். டயரின் நடு வெளியே இருந்தால் கூட்டல், அச்சு டயரின் நடுவைத் தாண்டி வெளியே விழுந்தால் கழித்தல். 1972இல் வந்த ஆடி 80 காரில் இதை வேண்டுமென்றே கழித்தலாக வைத்தார்கள். இடது பக்கச் சில்லும் வலது பக்கச் சில்லும் ஒரே அளவாகப் பிரேக் பிடிக்காத நேரத்தில் ஸ்டியரிங் தானாகவே கொஞ்சம் எதிர்ப்பக்கம் திரும்பி, காரை நேராக வைத்துக்கொள்ள உதவும் என்பதற்காக. பிற்பாடு முன்சில்லு இழுக்கும் கார்கள் பலவற்றில் ஸ்க்ரப் கழித்தலாகவோ பூச்சியத்துக்குக் கிட்டவோதான் வருகிறது. பூச்சியத்தைச் சுற்றிச் சில மில்லிமீற்றர்களில் அமைத்த இந்தக் கணக்கில் நாம் 25 மில்லிமீற்றரைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். கழித்தலாக இருந்தது கூட்டலாகிவிடுகிறது.

அதன் பலன் என்ன என்பதை நம் ஏ4 வீதியிலேயே வைத்துப் பார்க்கலாம். கடற்கரைக்கும் வாவிக்கும் நடுவே ஓடுகிற வீதி. ஓரத்தில் மணல். எதிரே பஸ் வருகிறது, முன்னால் ஒரு சைக்கிள், இடது சில்லுகள் இரண்டும் மணலில் இறங்குகின்றன, பிரேக்கை மிதிக்கிறீர்கள். வலது சில்லுகள் தாரில் நன்றாகப் பிடிக்கின்றன, இடது சில்லுகள் மணலில் சறுக்குகின்றன. கார் வலது பக்கம் திரும்பப் பார்க்கிறது. நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாட்டில் வலது பக்கம் என்றால் எதிரே வருகிற பஸ். ஸ்க்ரப் கழித்தலாக இருந்தால், கூடுதலாகப் பிடிக்கிற வலது முன்சில்லு ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்து அந்தத் திரும்பலைக் குறைக்கும். கூட்டலாக இருந்தால் அதே விசை ஸ்டியரிங்கை வலப்பக்கமே இழுக்கும். தப்பிக்க வேண்டிய அந்த அரை விநாடியில் கார் ஓட்டுகிறவனுக்கு உதவுவதை விட்டுவிட்டு அவனுக்கு எதிராக வேலை செய்கிறது. மார்கழி மழையில் வீதியோரம் தண்ணீர் தேங்கும்போதும் கணக்கு இதேதான். ரயில் கடவையிலும் குழியிலும் ஸ்டியரிங் கையை உதறுவது இதன் சின்னத் தம்பி. கே.ஈ. 70 போன்ற பழைய வண்டிகளில் ஸ்க்ரப் ஏற்கெனவே கூட்டல்தான். அவற்றில் இழுப்பும் உதறலும் இன்னும் கூடும், நிறுத்திவைத்துத் திருப்பும்போது ஸ்டியரிங் கனக்கும். முக்கியமாக, வெல்டிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. கொம்பனி செய்த விலையுயர்ந்த அலோய் ஆனாலும், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் வைத்தாலும், அளவு பிழைத்தால் இதே கதைதான்.

பெயாரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு முன்சில்லு 300 கிலோ சுமக்கிறது என்றால், 25 மில்லிமீற்றர் வெளித்தள்ளல் அந்தப் பெயாரிங்கில் 73 நியூட்டன் மீற்றருக்குக் குறையாத வளைவிசையை எந்நேரமும் கூடுதலாகப் போடுகிறது. சின்னக் காரின் சில்லு நட்டை இறுக்குகிற விசையில் அது முக்கால் பங்கு. குண்டுப் பெயாரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறையும் என்பது எல்லாப் பெயாரிங் கைநூலிலும் இருக்கிற சூத்திரம். சுமை காற்பங்கு கூடினால் ஆயுள் பாதிக்கு வந்துவிடும். அதோடு வெள்ளத்தில் இறக்கி ஏற்றுகிற வழக்கமும் சேர்ந்தால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. பின்னால் மூன்று பேரை ஏற்றும்போது மட்கார்ட் டயரில் உரசுவதும், அதற்காக மட்கார்ட்டை வெட்டுவதும், வெட்டிய இடத்தில் துருப் பிடிப்பதும் உங்களுக்கே தெரிந்த வரிசை.

இனிப் பட்டறைக்காரர்களிடம் நேராகப் பேசுகிறேன். 13 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் இருக்கையின் விட்டம் 329.4 மில்லிமீற்றர், அதில் ஐந்து பாகைச் சாய்வு. ஏற்றத்தாழ்வுக்கு அனுமதி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. தொழிற்சாலையில் தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு உருட்டித்தான் இந்த அளவைப் பிடிக்கிறார்கள். அந்த உருளையைக் கிரைண்டரால் சுற்றி அறுத்து, 50 மில்லிமீற்றர்ப் பட்டையை வளைத்து நடுவே வைத்து ஒட்டுகிறீர்கள். உருளையின் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மீற்றர். பட்டைக்கு இரண்டு விளிம்பு, ஆகவே ஒரு சில்லுக்கு இரண்டு மீற்றரை ஒட்டிய வெல்டிங், அதோடு பட்டையின் குறுக்கு மூட்டு. நாலு சில்லுக்கு ஏழெட்டு மீற்றர். மூன்று மில்லிமீற்றரை ஒட்டிய தகட்டில் ஆர்க் வெல்டிங் பிடித்தால், ரொட் தீர்ந்து மாற்றித் தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் கசடு உள்ளே மாட்டிக்கொள்ள வழி உண்டு. ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்தால் சூட்டில் உருளை ஒரு பக்கம் இழுத்து வட்டம் கெடும். மேலே கிரைண்டர் போட்டுப் பளபளப்பாக்கி, புட்டி பூசி, ஸ்ப்ரே அடித்தபின் நல்ல மூட்டும் கெட்ட மூட்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கிரைண்டர் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு: உள்வரை உருகி இறங்காத மூட்டில் பலம் மேலே நிற்கிற மேட்டில்தான் இருக்கும். வடிவுக்காக அதைத்தான் முதலில் தேய்த்து எடுக்கிறோம்.

'கொம்பனி ரிம்மும் ஒட்டினதுதானே?' என்பீர்கள். ஆம், நடுத்தட்டு ரிம்மில் ஒட்டித்தான் வருகிறது. உருளையின் குறுக்கு மூட்டும் ஒட்டியதே. ஆனால் அந்த மூட்டுகளின் இடம், நீளம், சூடு எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தவை, ஒவ்வொரு சில்லிலும் ஒரே மாதிரி. அப்படிச் செய்த சில்லுகளில் மாதிரியை எடுத்து, ஐ.எஸ்.ஓ. 3006 போன்ற தரநிலைப்படி சுமையேற்றிச் சுழற்றியும், வளைவில் வரும் விசையைக் கொடுத்துச் சுழற்றியும், வெடிப்பு வருகிறதா என்று பார்க்கிறார்கள். அகலப்படுத்திய சில்லை அப்படிச் சுழற்றிப் பார்க்கிற இயந்திரம் வாவிக்கரையில் இல்லை. சோதனை வீதியிலேயே நடக்கிறது, உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டு. 175/70 ஆர் 13 டயர் கிலோமீற்றருக்கு 550 முறைக்குமேல் சுற்றுகிறது. மணிக்கு 60 கிலோமீற்றரில் விநாடிக்கு ஒன்பது முறை. ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு நேரே வரும் பாகம் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. முந்நூறு கிலோமீற்றருக்குமேல் உள்ள கொழும்புப் பயணம் ஒன்றில் மட்டும் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிய வளைவு. பத்தாயிரம் கிலோமீற்றரில் ஐம்பத்தைந்து இலட்சம். இரும்பு ஒரே அடியில் உடைவதற்கும் கோடிக்கணக்கான சின்ன வளைவுகளில் களைத்து வெடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வெல்டிங்கின் ஓரத்தில் நகக்கீறல் அளவு பள்ளம் இருந்தாலே களைப்பு அங்கேதான் தொடங்கும்.

இங்கே எழக்கூடிய கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது: உழவு மெசின் பெட்டியின் சில்லை எத்தனை முறை ஒட்டி ஓட்டுகிறோம், நெல் மூட்டை தொன்கணக்கில் ஏற்றுகிறோம், ஒன்றும் ஆவதில்லையே? ஆவதில்லைதான். பெட்டி ஓடுகிற வேகம் குறைவு, ஓடுகிற தூரமும் குறைவு, ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கை காரின் பக்கத்தில்கூட வராது. தகடு தடிப்பு. எல்லாவற்றையும்விட, பெட்டியின் சில்லு ஸ்டியரிங்கோடு சேர்ந்தது இல்லை. அது போனால் வயல் வரம்பில் சாய்ந்து நிற்கும், நெல் கொட்டும், ஆள் இறங்கித் திட்டுவார். காரின் முன்சில்லு 70 கிலோமீற்றர் வேகத்தில் மூட்டு விட்டுக் காற்றைக் கொட்டினால் திட்டுவதற்கு ஆள் இருப்பாரா என்பது சந்தேகம்.

'பத்து வருசமாக ஓடுது, ஒன்றும் வெடிக்கவில்லை' என்ற பதிலும் உண்டு. அதை நம்புகிறேன். இரும்புச் சில்லின் நற்குணமே அதுதான். வார்ப்பு அலோய் சட்டென்று பிளக்கும், இரும்பு நெளியும், கசியும், முன்னெச்சரிக்கை கொடுக்கும். ஒரு சில்லில் மட்டும் வாரத்துக்கு வாரம் காற்றுக் குறைகிறதென்றால் அந்த எச்சரிக்கை வந்துவிட்டது என்று பொருள். டியூப் இல்லாத டயரில் ரிம்மின் மூட்டே காற்றை அடைத்து வைத்திருக்கும் சுவர். ஆனால் நம்மில் அநேகர் செய்வது என்ன? டியூப் ஒன்றைப் போட்டுக் கசிவை நிறுத்திவிடுகிறோம். வெடிப்பு அப்படியே வளர்கிறது, சொல்லிக்கொண்டிருந்த வாயை மட்டும் மூடிவிட்டோம். இதனோடு உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர் வாவி. மூட்டின் உட்பக்கம் பெயின்ட் போகாத இடுக்கில் உப்பீரம் தங்கினால், மலைநாட்டில் பத்து வருடம் நிற்கிற மூட்டு இங்கே அத்தனை வருடம் நிற்கும் என்று கணக்குப் போட முடியாது.

பந்தயக் கார் ஓட்டுகிறவர்களைக் காட்டுவார்கள் சிலர். அவர்கள் ஒஃப்செட்டை மாற்றும்போது கீழ்க்கையையும் ஸ்டியரிங் மூட்டையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். ஓடி முடிந்ததும் சில்லைக் கழற்றி வெடிப்புப் பார்க்கிறார்கள். எதிரே அவர்களுக்குப் பஸ் வருவதில்லை. அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

சட்டம் ஒன்றும் கேட்கவில்லையே என்ற வாதம்தான் இவற்றில் பலமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக நம் கார்கள் போவது புகைப் பரிசோதனைக்கு. புகை பார்க்கிறவர் ரிம்மைப் பார்ப்பதில்லை. ஜேர்மனியில் இதே வேலையைச் செய்தால் தகுதிபெற்ற பரிசோதகரின் அறிக்கை வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் ஓட்ட அனுமதியே செல்லாமல் போகும். நம் ஆட்கள் பலர் குடியேறியிருக்கிற ஆஸ்திரேலியாவில், வாகன மாற்றங்களுக்கான தேசியக் கைநூலான வி.எஸ்.பி. 14, சாதாரணப் பயணிகள் காரின் இடவலச் சில்லு இடைவெளியை உற்பத்தியாளர் குறித்த உச்ச அளவுக்குமேல் 25 மில்லிமீற்றர் மட்டுமே கூட்ட விடுகிறது. பக்கத்துக்குப் பன்னிரண்டரை. நாம் சர்வசாதாரணமாகச் செய்கிற இரண்டு அங்குல வேலை அதற்கு இரண்டு மடங்கு, திருப்பிப் போடுகிற வேலை ஆறு மடங்குக்கும் மேல். சோதிக்க ஆளில்லாத நாட்டில் கிரைண்டரைக் கையில் வைத்திருக்கிறவர்தான் கடைசிப் பரிசோதகர். அவர் முடியாது என்று சொன்னால்தான் அந்தச் சில்லு வீதிக்கு வராது. வேறு யாரும் தடுக்கப்போவதில்லை. காப்புறுதியையும் நினைவில் வையுங்கள். விபத்துக்குப் பின் வருகிற மதிப்பீட்டாளர் மாற்றிய சில்லைப் பார்த்துக் கேள்வி எழுப்பினால், பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர் இல்லை, உரிமையாளர். மாற்றம் செய்ய முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது.

அப்படியென்றால் தட்டைச் சில்லோடு ஓடுவதுதான் விதியா என்றால், இல்லை. பக்கத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் வரையான ஆழம் கண்ணுக்குத் தெரியும், காரும் பெரிதாக உணராது. அதை வெட்டி ஒட்டாமலே பெறலாம். அதே ஸ்டட் வட்டம், அதே நடுத்துளை, ஒஃப்செட் மட்டும் சற்றுக் குறைந்த தொழிற்சாலை ரிம்கள் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். டேப்பும் நேர்விளிம்பும் கொண்டுபோய் அளந்து எடுக்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொல்வதை வைத்து எடுக்கக் கூடாது. பார்வைக்கு மட்டும் என்றால் இன்னும் மலிவான வழி இருக்கிறது: நடுத்தட்டுக்கு மினுக்கம் இல்லாத கறுப்பு, உதட்டுக்கு வெள்ளி. கறுப்பு பின்னால் போகும், வெள்ளி முன்னால் வரும். இரண்டு டின் பெயின்டில் கிடைக்கிற இந்த ஆழத்தைச் சில இளைஞர்கள் ஏமாற்று வேலை என்பார்கள். டீப் டிஷ் முழுவதுமே பார்வைக்கான வேலைதான் என்பதை ஏற்றுக்கொண்டால் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கட்டாயம் அகலம் வேண்டும் என்று நிற்கிறவர் பின்சில்லோடு நிறுத்திக்கொள்ளட்டும். பின்சில்லு ஸ்டியரிங்கில் இல்லை. பின்பக்க இடைவெளி கொஞ்சம் கூடுவது, வால் வெளியே வீசுவதற்குப் பதில் மூக்கு அகலமாகத் திரும்புகிற பக்கம்தான் காரைத் தள்ளும், அது இரண்டில் பாதுகாப்பான பக்கம். முன்சில்லை விட்டுவிடுங்கள். டயரையும் ரிம்மின் அகலத்துக்கு ஏற்றதாக வாங்குங்கள். 7 அங்குலத்தில் 175ஐ இழுத்து மாட்டுவது வேண்டாம்.

பட்டறையில் செய்வதானால் மிக் வெல்டிங்கில், உள்வரை உருக விட்டு, எதிரெதிர்ப் பக்கமாகத் துண்டு துண்டாகப் பிடித்து, ஆற விட்டுச் செய்யுங்கள். துளை விழுந்த மூட்டை மேலே பூசி மூடாமல் தோண்டி எடுத்து மறுபடி ஒட்டுங்கள். ஹப்பில் மாட்டிச் சுழற்றி டயல் கேஜ் வையுங்கள். மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ ஒரு மில்லிமீற்றருக்குமேல் ஆடினால் அது பெலன்சிங் எடை போட்டுத் தீர்கிற ஆட்டமில்லை, அந்த ரிம் வெளியே போகக் கூடாது. டயர் ஏற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முழுக்க அமுக்கிப் பாருங்கள். உட்பக்க மூட்டில் பிறைமர் போனதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். செய்த மாதத்தையும் உங்கள் பட்டறையின் அடையாளத்தையும் நடுத்தட்டின் உட்பக்கம் பஞ்ச் பண்ணிக் கொடுங்கள். பெயர் பொறிக்கத் தயங்குகிற வேலையை எடுக்காமலே விடலாம். நூறு கிலோமீற்றர் ஓடியபின் வந்து நட்டைத் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள், அப்போது மூட்டையும் ஒருமுறை பாருங்கள். முன்சில்லைத் திருப்பிப் போட்டு ஒட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும், சொந்த மச்சானே ஆனாலும், ரிம்மை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
எழுவான்கரையிலிருந்து ஒருவன்